3 செ.மீ. ரிப்-ஐ ஸ்டேக்: மேலே கருகுது, உள்ளே சாம்பல் வளையம். எதை மாத்தணும்?

மூன்றாம்_மாடி

வணக்கம் நண்பர்களே. டொராண்டோ அபார்ட்மென்ட் சமையலறை. கண்ணாடித் தளம் போட்ட மின்னடுப்பு. ஹூட் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும். இந்த வசதிக்குள் ஸ்டேக் ஒழுங்காக வர என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்போதைய முறை: எலும்பில்லாத ரிப்-ஐ (மாட்டின் விலாப் பகுதித் துண்டு), கனடாவின் டிரிபிள் ஏ தரம், 450 கிராம், 3 செ.மீ. கனம். கழுவித் துடைத்து, உப்பும் மிளகும் தடவி 15 நிமிடம் வெளியே வைப்பது. 26 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டியை அடுப்பின் உச்ச சூட்டில் காயவைத்து, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பக்கத்துக்கு 4 நிமிடம், ஒரே ஒரு முறை திருப்பல், கடைசியில் வெண்ணெய்.

முதல் இரண்டு நிமிடம் இறைச்சி தண்ணீர் விட்டுச் சலசலக்கிறது. அப்புறம் புகை மண்டி அலாரம் கத்துகிறது. வெட்டினால் நடுவில் ஒரு விரல் அகலம்தான் சிவப்பு, மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் வறட்சி. மேற்பரப்பு ஒரு இடத்தில் கருகல், பக்கத்திலேயே வெளிறல். ஓரக் கொழுப்பு மெல்ல முடியாத ரப்பர்.

ஓவனில் வாட்டிவிட்டுச் சட்டியில் போடும் முறை இந்தக் கனத்துக்குத் தேவையா? உப்பு எப்போது, எண்ணெய் எது?

நளபாகன்

நீங்கள் சொன்ன நான்கு குறைக்கும் வேர் ஒன்றுதான்: ஈரம். சூடு போதவில்லை என்று நினைத்து அடுப்பைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். குறை அடுப்பில் இல்லை.

இறைச்சியின் மேல் பொன்னிறமும் மணமும் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு சொட்டு நீர் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது. 1 கிராம் நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 420 ஜூல் போதும். அதே 1 கிராமை ஆவியாக்க இன்னும் 2,260 ஜூல் வேண்டும். சட்டி சேமித்து வைத்த சூட்டில் பெரும்பகுதி இதற்கே செலவாகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடச் சலசலப்பில் உங்கள் ஸ்டேக் வறுபடவில்லை, வேகிறது. மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே சூடு இறங்கிவிடும். சாம்பல் வளையம் அப்படித்தான் வருகிறது.

இப்போது உப்பு. 15 நிமிடம் என்பது இருப்பதிலேயே மோசமான இடைவெளி. உப்பு முதலில் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பும். திரும்புவதற்கு 40 நிமிடமாவது ஆகும். நீங்கள் சரியாக நீர் வெளியே நிற்கும் நேரத்தில் சட்டியில் போடுகிறீர்கள். ஆகவே சட்டியில் போடும் கணத்தில் உப்புப் போடுங்கள், இல்லையென்றால் 40 நிமிடத்துக்கு மேல் விடுங்கள். இவற்றைவிடச் சிறந்தது முந்தின இரவே போடுவது: இறைச்சி எடையில் 1 சதவீதம், உங்கள் துண்டுக்கு 4.5 கிராம். பொடி உப்பு என்றால் முக்கால் டீஸ்பூன். பரல் பெரிதான கோஷர் உப்பு டீஸ்பூனுக்கு எடை குறைவு, பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். எல்லாப் பக்கமும், ஓரங்களிலும் தூவி, கம்பித்தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் விடுங்கள். கீழே ஒரு தட்டு இருக்கட்டும். காலையில் மேற்பரப்பு கொஞ்சம் கறுத்து, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல் இருக்கும். கெட்டுப்போகவில்லை, அந்த நிலைதான் வேண்டும்.

அரை மணி நேரம் வெளியே வைத்து 'ரூம் டெம்பரேச்சருக்கு' கொண்டுவரச் சொல்வார்கள். 3 செ.மீ. துண்டின் நடுப்பகுதி அந்த நேரத்தில் ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறாது. ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்துச் சமைக்கலாம்.

மிளகைத் தூளாக முன்கூட்டியே போட்டால் 230 டிகிரி சட்டியில் கரிந்து கசக்கும். பரிமாறும்போது திருகிப் போடுங்கள்.

ஓவன் முறைதான் உங்கள் வீட்டுக்கு என் தேர்வு, 3 செ.மீ. என்றாலும். ஓவன் 120 டிகிரி, உங்கள் ஊர் ஓவனில் 250 ஃபாரன்ஹீட். கம்பித்தட்டோடு உள்ளே வையுங்கள். நடுப்பகுதி 46 டிகிரி தொட்டதும் எடுங்கள். 20 முதல் 25 நிமிடம் ஆகலாம், ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். முனையில் உணரி உள்ள மின் தெர்மாமீட்டரை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், கனத்தின் சரிபாதியில் நுழைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழியில் தெரியும் மிகக் குறைந்த எண்தான் உண்மையான நடு. கொழுப்புத் திட்டில் முனை நின்றால் தவறான எண் காட்டும். வாங்கியதும் ஒரு குவளை நிறைய ஐஸ் போட்டுக் கொஞ்சம் நீர் விட்டு முனையை அமிழ்த்திச் சோதியுங்கள், 0 காட்ட வேண்டும்.

ஓவனில் இருக்கும்போதே மேற்பரப்பு இன்னும் காய்ந்துவிடும். அதனால் சட்டியில் பக்கத்துக்கு 45 நொடி முதல் 1 நிமிடம் போதும். புகை வருவதற்கான நேரமே எட்டு நிமிடத்திலிருந்து இரண்டாகக் குறைகிறது. சட்டியிலிருந்து எடுக்கும்போது 52–54 இருக்கும், மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பு மாறாத பதம்.

எண்ணெய்: எக்ஸ்ட்ரா வர்ஜின் 190 டிகிரி வாக்கில் புகையும். சுத்திகரித்த கனோலா, கடலை எண்ணெய் இரண்டும் 200-க்கு மேல் தாங்கும். வீட்டில் நெய் இருந்தால் அதுவே போதும். வெண்ணெயில் கருகுவது பால் திடப்பொருள், நெய்யில் அதை ஏற்கனவே எடுத்தாயிற்று, 250 வரை போகும். இரண்டு மேசைக்கரண்டி அதிகம். ஒரு டீஸ்பூனை இறைச்சி மேலேயே தேய்த்துவிடுங்கள், சட்டியில் ஊற்ற வேண்டாம். இறைச்சி தொடாத இடத்தில் கிடக்கும் எண்ணெய்தான் முதலில் புகையும்.

வடலி

நளபாகன் சொன்னது எல்லாம் சரி, ரெண்டு விசயம் விட்டுட்டார்.

ஒண்டு, இறைச்சியைக் கழுவாதேங்கோ. மஞ்சள் போட்டுக் கழுவிற பழக்கம் கறிக்குப் பரவாயில்லை, அங்க எல்லாம் கொதிச்சு அவிஞ்சு போகும். ஸ்டேக்குக்குக் கழுவினால் மேல் நார் எல்லாம் தண்ணி குடிச்சிடும், எவ்வளவு துடைச்சாலும் காயாது. அதோட சிங்க், குழாய், பக்கத்தில கிடக்கிற கோப்பை எல்லாத்திலயும் கிருமி தெறிக்கும். பெட்டியால எடுத்து, பேப்பர் டவலால நல்லா அழுத்தி ஒத்தி எடுக்க வேணும், அவ்வளவுதான். சிவப்பாக ஊறி நிக்கிற தண்ணி ரத்தம் இல்லை, மயோகுளோபின் எண்ட புரதம் கலந்த நீர். ரத்தம் அறுத்த இடத்திலயே போயிட்டுது.

ரெண்டாவது முக்கியம். வாங்கேக்க லேபிளை வாசியுங்கோ. 'மெக்கானிக்கலி டெண்டரைஸ்ட்' எண்டு போட்டிருந்தால் ஊசியாலயோ பிளேட்டாலயோ குத்தி மெதுவாக்கின இறைச்சி. கனடாவில 2014 ஆகஸ்டில இருந்து அந்த லேபிள் கட்டாயம். ஏன் எண்டால், முழுத் துண்டில ஈ.கோலை மாதிரிக் கிருமி வெளிப்பக்கத்திலதான் இருக்கும், சட்டிச் சூட்டில அது செத்துப் போகும், உள்ள சிவப்பாக இருந்தாலும் பெரிய பயம் இல்லை. ஊசி குத்தினால் வெளியில இருந்த கிருமி நடுவுக்குப் போயிடும். 2012இல ஆல்பர்ட்டாவில ப்ரூக்ஸ் நகரத்து ஆலையின்ர இறைச்சியால வந்த பிரச்சினைக்குப் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. அந்த லேபிள் உள்ளதை 63 டிகிரி வரைக்கும் சமைக்க வேணும், ஆகக் குறைஞ்சது ரெண்டு தரம் திருப்ப வேணும் எண்டு பெட்டியிலயே எழுதியிருக்கும். உதுக்கு 54 கணக்குப் பார்க்காதேங்கோ. குத்தாத துண்டாகக் கேட்டு வாங்குங்கோ, இறைச்சிக்கடைக்காரர் முன்னாலயே வெட்டித் தருவார்.

கரண்டி_கணேஷ்

ஓவன் முறையை நான் குறை சொல்லலை, ஆனா 3 செ.மீ.க்கு அது சுத்தி வளைச்சு மூக்கைத் தொடுறது. 4 செ.மீ. தாண்டினா ஓவன், அதுக்குக் கீழே சட்டியே போதும். கேள்வி கேட்டவர் செய்றதுல பெரிய தப்பு ஒரே தடவை திருப்புறதுதான்.

ஒரு பக்கம் 4 நிமிஷம் தொடர்ந்து சூட்டுல கிடந்தா, அந்தப் பக்கத்து அடுக்கு 70, 80ன்னு போயிடும், மேல் பக்கம் பச்சையாவே ஆறிக் கிடக்கும். 30 நொடிக்கு ஒரு தடவை திருப்புங்க. கீழே வாங்குன சூடு மேலே வந்ததும் கொஞ்சம் காத்துல போகும், கொஞ்சம் நிதானமா உள்ளே இறங்கும். சாம்பல் வளையம் பாதியாக் குறையும், மொத்த நேரமும் குறையும். ஃபிரிட்ஜ்லேர்ந்து நேரா எடுத்த 3 செ.மீ. துண்டுக்கு 8லேர்ந்து 10 நிமிஷம். 6 நிமிஷத்துக்கு மேல தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டே இருங்க, 51ல எடுத்துடுங்க. ஓய்வுல தானா 54, 55க்கு ஏறிடும்.

"திருப்பினா சாறு போயிடும், முதல்ல சூட்டுல மூடி சாறைப் பூட்டணும்"னு ஒருத்தர் வந்து சொல்வார் பாருங்க. அது 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பேர்ல பரவின நம்பிக்கை. வறுத்த மேல்பரப்பு எதையும் பூட்டாது. அதுக்கப்புறமும் சட்டியில 'ஸ்ஸ்'னு சத்தம் கேக்குதே, அது வெளியே வர்ற சாறுதான். வறுக்கிறது ருசிக்காக.

ஓரக் கொழுப்புக்கு வழி: இடுக்கியால ஸ்டேக்கை நிமித்தி, கொழுப்பு ஓரம் கீழே படுற மாதிரி ஒண்ணரை நிமிஷம் பிடிச்சுக்கங்க. இதைத்தான் முதல்ல செய்யணும், உருகி வர்ற கொழுப்பே எண்ணெய்க்குப் பதிலாகும். கொழுப்புக்கும் சதைக்கும் நடுவுல வெள்ளி நிறத்துல ஒரு சவ்வு ஓடும், அது சூட்டுல சுருங்கித்தான் ஸ்டேக் கிண்ணம் மாதிரி வளைஞ்சு நடுப்பகுதி சட்டியை விட்டு எழும்புது. அங்கங்க வெளிறலா இருக்குன்னு சொன்னீங்களே, பெரும்பாலும் அதனாலதான். 3 செ.மீ.க்கு ஒரு கீறல், சவ்வு அறுபடுற ஆழத்துக்கு, சதையில இறங்காம.

நளபாகன்

கணேஷ் சொல்லும் முறை நல்ல முறைதான், வெளியே புகை போக்கி உள்ள வீடாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே ஹூட் புகையை உள்ளேயே சுற்றுகிறது. 230 டிகிரியில் பத்து நிமிடம் கொழுப்புத் தெறிக்கும் சட்டிக்கும் இரண்டு நிமிடச் சட்டிக்கும் வித்தியாசம் பெரிது. அதனால் இவருக்கு ஓவன். சட்டியில் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்திலும் 30 நொடிக்கு ஒருமுறை திருப்பட்டும். சவ்வைக் கீறுவது இரண்டு முறைக்கும் பொருந்தும்.

அடுப்பைப் பற்றி விட்டுவிட்டேன். கண்ணாடித் தள மின்னடுப்பு விட்டுவிட்டுத்தான் எரியும், வளையத்துக்கு நேர் மேலே மட்டும் சூடு. வார்ப்பிரும்பு சூட்டை நிறையச் சேமிக்கும், ஆனால் பக்கவாட்டில் பரப்புவதில் மந்தம். உச்ச சூட்டில் மூன்று நிமிடம் வைத்தால் நடுவில் 300, ஓரத்தில் 150 என்று நிற்கும். 10-க்கு 6 அல்லது 7-இல் வைத்து 8 முதல் 10 நிமிடம் பொறுங்கள், நடுவில் ஒருமுறை சட்டியைத் தூக்கி அரைவட்டம் திருப்பி வையுங்கள். இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். சட்டியின் அடியைவிடச் சிறிய வளையத்தில் வைக்காதீர்கள். இண்டக்‌ஷன் உள்ளவர்களுக்கும் இதுவே, அதில் பூஸ்ட் (உச்ச வேகச் சூடு) போட்டால் வார்ப்பிரும்பு வளையலாம், விரிசலும் விடலாம்.

தோசைக்கல்லில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கனமான வார்ப்பிரும்புக் கல் சூட்டுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் விளிம்பு இல்லாததால் ரிப்-ஐ விடும் கொழுப்பு அடுப்பில் வழிந்து அங்கே புகையும். கொழுப்புக் குறைந்த ஃப்ளாங்க், டாப் சர்லாயின் போன்ற துண்டுகளுக்குச் சரி. நான்-ஸ்டிக் தவா வேண்டவே வேண்டாம். 260 டிகிரி தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் அந்தப் புகையே அதைக் கொன்றுவிடும்.

வெண்ணெய் ஊற்றல் வேண்டுமென்றால் கடைசி 40 நொடி. சூட்டைக் குறைத்துவிட்டு 25 கிராம் வெண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல், தைம் ஒரு கொத்து. சட்டியைச் சாய்த்து, நுரைக்கும் வெண்ணெயைக் கரண்டியால் மேலே மேலே ஊற்றுங்கள். நுரை அடங்கிக் கருநிறம் காட்டினால் நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம்_மாடி

மிக்க நன்றி. லேபிளைப் பார்த்தேன், குத்திய இறைச்சி இல்லை. இன்னும் மூன்று கேள்வி. வீட்டில் ஒருவருக்கு இளஞ்சிவப்பு துளிகூட ஆகாது, ஒரே துண்டில் இருவருக்கும் எப்படி? ஓய்வு எவ்வளவு நேரம்? மிளகாய்த்தூள், மல்லித்தூள் தடவினால் எடுபடுமா?

வடலி

தூள் தடவினால் சட்டியில கருகி இருமல்தான் வரும். காரம் வேணும் எண்டால் சோஸில போடுங்கோ. ஸ்டேக்கை எடுத்த பிறகு சட்டியில இருக்கிற கொழுப்பை ஒரு தேக்கரண்டி மிச்சம் வைச்சு ஊத்திப் போட்டு, அடுப்பைக் குறைச்சு, பொடியாக அரிஞ்ச சின்ன வெங்காயம் ரெண்டு, கொரகொரப்பாக இடிச்ச மிளகு ஒண்டரைத் தேக்கரண்டி போட்டு ஒரு நிமிசம் வதக்குங்கோ. உப்பில்லாத இறைச்சி ஸ்டொக் 120 மில்லி விட்டு, அடியில ஒட்டினதை மரக்கரண்டியால சுரண்டிச் சுரண்டிப் பாதியாக வத்த விடுங்கோ. அடுப்பை நிப்பாட்டிட்டு 20 கிராம் குளிர் வெண்ணெய் போட்டுச் சட்டியை ஆட்டினால் தடிச்சு மினுங்கும். அடுப்பு எரியேக்க வெண்ணெய் போட்டால் திரிஞ்சு எண்ணெய் மிதக்கும். ஸ்டொக்கில உப்பு இருந்தால் வத்தேக்க வாயில வைக்கேலாது, அதைப் பார்த்து வாங்குங்கோ.

நளபாகன்

இருவருக்கு: 450 கிராம் துண்டைச் சமைக்கும் முன்பே இரண்டாக வெட்டிவிடுங்கள். வேகும் நேரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கனம், எடை இல்லை. பாதி ஆனாலும் நேரம் அதிகம் மாறாது. நன்றாக வேக வேண்டிய துண்டை ஓவனில் முதலில் வைத்து, 15 நிமிடம் கழித்து மற்றதை வையுங்கள். முதல் துண்டை 62-இல் எடுங்கள், சட்டியில் 68, 70 வரும், சிவப்பு இருக்காது. உங்கள் துண்டு 46-இல். ஏதாவது ஒன்று முந்திக்கொண்டால் வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கலாம், சட்டியில் போடும் வரை ஒன்றும் கெடாது.

அவருக்கு ரிப்-ஐ வாங்குவது சரியான தேர்வுதான். 66-க்கு மேல் சதை இறுகிச் சாற்றைப் பிழிந்துவிடும், இடையில் ஓடும் கொழுப்பு அந்த வறட்சியை ஓரளவு ஈடுகட்டும். அதே சூட்டுக்குக் கொழுப்புக் குறைந்த டெண்டர்லாயின் துண்டைக் கொண்டுபோனால் விலையும் வீண், வாயும் வீண். ஹெல்த் கனடா முழுத் துண்டு மாட்டிறைச்சிக்குச் சொல்லும் குறைந்த அளவு 63. உணவகங்கள் மீடியம் ரேர் என்று தரும் 54 அதற்குக் கீழே இருக்கிறது என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் இருந்தால் 63-க்குக் குறைக்க வேண்டாம்.

ஓய்வு: ஓவன் முறையில் உள்ளும் புறமும் சூட்டு வித்தியாசம் குறைவு, இரண்டு நிமிடம் போதும். கணேஷ் முறையில் 5 நிமிடம். தட்டையான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து மொறுமொறுப்பு போய்விடும், கம்பித்தட்டில் வையுங்கள். அலுமினியத் தாளால் இறுக மூடினாலும் அதே கதி.

கரண்டி_கணேஷ்

ஒண்ணு சேர்த்துக்கறேன். அடுத்த தடவை விலை குறைச்சலா ஃப்ளாங்க் இல்லைன்னா ஸ்கர்ட் வாங்கினா இந்த ஓவன் கணக்கெல்லாம் தள்ளிடுங்க. ரெண்டும் மெல்லிசு. ஸ்கர்ட் பக்கத்துக்கு ஒண்ணரை நிமிஷம், ஃப்ளாங்க் கொஞ்சம் கூட, சட்டி நல்லாக் காஞ்சிருக்கணும். நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பச்சையா இருக்கும்போதே பாத்து வெச்சுக்கங்க, வறுத்ததுக்கு அப்புறம் சட்டுனு தெரியாது. அதுக்குக் குறுக்கா அரை செ.மீ. கனத்துல வெட்டணும். நார் போற போக்குலயே வெட்டினா எவ்வளவு பக்குவமா வறுத்திருந்தாலும் மென்னுக்கிட்டேதான் இருக்கணும்.